சேரான் புகை

“அம்மன் வந்திருக்கதே இவளுக்குத் தெரியலையாம். பெறவு இவ படிச்சு என்னத்துக்கு?”

அத்தை இதை என்னிடம் சொல்லவில்லை. வாசலில் நின்றுகொண்டு, என் தலைக்கு மேலாக, அப்பாவிடம் சொன்னாள். வீட்டில் முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கம்தான். உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். நமக்கு ஒன்று தெரிந்தால் வாய் நீளம். தெரியாவிட்டால் படிப்பு வீண். வேறு நாளாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பேன். அன்று போக முடியவில்லை. என் பக்கத்தில் பாயில் அம்மா கிடந்தாள். முகம் வீங்கி, கண் இரண்டும் கோடாக மூடிப் போய், மூச்சு விடும்போதெல்லாம் தொண்டையில் ஒரு விசில் சத்தம் கேட்டது.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. அந்த வருடம் சாரல் பிந்திவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் குற்றாலத்து அருவியில் பாறைதான் தெரிந்தது. ஆனால் மேற்கே மலைமேல் மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. எந்த நாளும் சீசன் தொடங்கிவிடும் என்று பங்களாக்காரர்கள் எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள்.

மேலகரம் தாண்டி, குற்றாலம் போகும் வழியில் ஒரு சீசன் பங்களாவுக்கு அப்பா காவல். அம்மா அங்கே பெருக்குவாள், துவைப்பாள். பங்களாவின் கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம், சரிவில் இறங்கினால் எங்கள் தெரு. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அத்தை வீடு, அப்பாவின் அக்கா. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பங்களாவை ஆள் வருவதற்கு முன்னால் துப்புரவாக்குவதுதான் அப்பாவுக்குப் பெரிய வேலை. பங்களாவைச் சுற்றியுள்ள வளவுக்குள் என்னென்னவோ முளைத்திருக்கும். பட்டால் அரிக்கும் செந்தட்டி, சுவரோரத்தில் அரளி, பின்னால் ஓடைக்கரையில் சேரான் மரங்கள்.

சேரானைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் சேராங்கொட்டை என்று விற்பார்களே, அந்த மரம். பட்டையைக் கீறினால் பால் வரும். கொஞ்ச நேரத்தில் அது தார் போலக் கறுத்துவிடும். தோலில் பட்டால் கொப்புளம். வெள்ளாவி வைக்கிறவர்கள் ஒரு காலத்தில் துணியில் குறி போட்டது இதை வைத்துத்தான். எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

அப்பாவை அது ஒன்றும் செய்யாது. உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தேய்த்துக்கொண்டு, அரிவாளோடு இறங்குவார். முளைத்து வந்த கன்றுகளையும், சுவருக்கு மேல் சாய்ந்த கிளைகளையும் வெட்டி, ஓடைப் பள்ளத்தில் தள்ளிவிடுவார். மழையில் அது அங்கேயே மக்கிப் போகும். வருடாவருடம் அப்படித்தான்.

அந்த வருடம் மேனேஜர் வந்து ஓடையை எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா, ஓடைய குப்பைமேடாக்கி வச்சிருக்க? ஆளுக வந்து நின்னு போட்டோ எடுக்க எடம். கம்பளி அலச வெந்நி போடணும்லா? எல்லாத்தையும் அண்டா அடுப்புல வச்சு எரிச்சிரு. வெறகும் மிச்சம்.”

“சேரான் சாமி அது.”

“தொட்டாத்தான சேரான்? எரிச்சா சாம்பல்.”

அப்பா யோசித்தார். மேனேஜர் சொன்னது சரி மாதிரித்தான் இருந்தது. தொட்டால் புண் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். புகையைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்டதில்லை, ஏனென்றால் அதை யாரும் எரித்ததில்லை.

அந்த அண்டா இப்போது இல்லை. உள்ளே ஒரு ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரிய செம்பு அண்டா. பங்களாவின் பின்கட்டில் மூன்று பக்கம் சுவர் வைத்த அடுப்பின் மேல் இருந்தது. அப்பா கிளைகளை நறுக்கிக் கொடுத்துவிட்டு முன்பக்கம் வெள்ளையடிக்கப் போய்விட்டார். அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு நாள், காலையிலிருந்து மாலை வரை, தள்ளித் தள்ளி எரித்தாள். சீசனுக்கு வருகிறவர்கள் போர்த்தும் கம்பளிகள் ஒவ்வொன்றாக முக்கி எடுத்துக் காயப்போட்டாள்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மாலையில் வரும்போது தெரு முனையிலேயே ஒரு வாசனை வந்தது. முந்திரிக்கொட்டை சுடுவார்களே, அந்த மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள வாசனை. எனக்குப் பசித்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, அந்தப் புகை அவ்வளவு நன்றாக மணந்ததை.

மறுநாள் காலையில் அம்மாவின் இமை தடித்திருந்தது. மதியத்துக்குள் கன்னம், உதடு, கழுத்து. சாயங்காலம் முத்து முத்தாகக் கொப்புளம். காய்ச்சல். அத்தை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே வரவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஏலே, அம்மன்லா வந்திருக்கா! கொடைக்கு இவ பொங்கல் வைக்க வந்தாளா? வேல, வேலன்னு பங்களாலயே கெடந்தா. கூப்பிட்டு வரலன்னா அவளே வந்துருவா.”

அதுதான் கணக்காகப் பொருந்திவிட்டது. அம்மன் கோயிலின் வைகாசிக் கொடைத் திருவிழா அப்போதுதான் முடிந்திருந்தது. அம்மா போகவில்லை என்பதும் உண்மை. அப்பா தயங்கியபடி, “சேரானா இருக்குமோக்கா?” என்று ஒரு தடவை கேட்டார்.

“வெட்டுனவன் நீ. ஒனக்கு ஒண்ணுமில்ல. தொடாம எரிச்சவளுக்கு எப்படில வரும்?”

அப்பா வேப்பிலை ஒடிக்கப் போனார். அந்தக் கேள்வி அவ்வளவு நியாயமாக இருந்தது.

வாசலில் வேப்பிலை செருகினார்கள். பாயைச் சுற்றி வேப்பிலை. வீட்டில் தாளிக்கவில்லை. யாரும் வெளியே போகக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது, மருந்து என்ற பேச்சே கூடாது. அம்மன் இருக்கும்போது ஊசி போட்டால் அவள் கோபித்துக்கொண்டு உள்ளேயே இறங்கிவிடுவாள். என் புதுச் சீருடை கொடியிலேயே தொங்கியது.

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் ஒற்றி எடுப்பது என் வேலை. எனக்கு மூன்றாம் வகுப்பிலேயே அம்மை போட்டுவிட்டது, அதனால் எனக்கு ஒட்டாது என்று உட்கார வைத்தார்கள். அப்படி ஒற்றும்போதுதான் முதலில் பார்த்தேன். அம்மாவின் இரண்டு கையிலும் சிவப்புக் கண்ணாடி வளையல் நெருக்கமாக இருக்கும். மணிக்கட்டு வீங்கி அவை சதைக்குள் புதைந்திருந்தன. ஒன்றை மெல்ல நகர்த்தினேன். வளையல் இருந்த இடத்தில் மட்டும் தோல் சுத்தமாக இருந்தது. வளையல் அளவுக்கு ஒரு பட்டை, ஒரு கொப்புளம் இல்லை.

ரவிக்கைக் கையின் விளிம்பைத் தூக்கிப் பார்த்தேன். விளிம்பு வரை கொப்புளம். உள்ளே ஒன்றும் இல்லை. தலையில் துண்டு கட்டியிருந்த நெற்றியின் மேல்பாதி வெறுமையாக இருந்தது. முதுகு, வயிறு எல்லாம் வழவழவென்று இருந்தது. எனக்கு அம்மை வந்தபோது முதலில் வந்ததே வயிற்றிலும் முதுகிலும்தான். படுக்க முடியாமல் நான் அழுதது எனக்கு நினைவிருந்தது.

“எப்பா, இங்கன பாருங்க. துணி இருந்த எடத்துல வரல. அம்மன் துணிக்கு வெளிய மட்டுமா வருவா?”

அப்பா பார்க்க வந்தார். அத்தை வாசலிலிருந்தே, “பொம்பள ஒடம்ப நின்னு பாத்துக்கிட்டு இருக்காதல. அவ மானமுள்ள தெய்வம், துணிக்குள்ள வர மாட்டா,” என்றாள். அதற்குப் பிறகுதான் அந்த வாக்கியம் வந்தது. அம்மன் வந்திருக்கதே இவளுக்குத் தெரியலையாம்.

மறுநாள் அம்மாவால் கூழ் விழுங்க முடியவில்லை. வாயோரமாக வழிந்தது. ஏதோ சொன்னாள், காற்றுதான் வந்தது. இதைச் சொல்ல வேண்டும்: என் அம்மாவின் குரல் எங்கள் தெருவில் பிரசித்தம். பங்களா மாடியில் நின்றுகொண்டு, “ஏட்டீ, ஒல பொங்குது பாரு!” என்று கத்தினால், சரிவில் எங்கள் அடுப்படியில் எனக்குக் கேட்கும். அந்தத் தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. அவள் சாகப்போகிறாள் என்று தெரிந்தது. அதைப் பெரியவர்கள் எல்லோரும் கைகூப்பிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் தெரிந்தது.

அப்பாவுக்குத் தெரிந்த எழுத்து ஒன்றே ஒன்று. ம. அவர் பெயரின் முதல் எழுத்து. கைநாட்டு வைக்கும்போது மேனேஜர் சிரிப்பது பிடிக்காமல், முந்தின வருடம் என்னிடம் கற்றுக்கொண்டார். அண்டா அடுப்புச் சுவரில் கரித்துண்டால் எழுதி எழுதிப் பழகினார். “கூர போடாத வீடு மாதிரில்லா இருக்கு,” என்பார். மீதி எழுத்தும் சொல்லித் தருகிறேன் என்றதற்கு, “ஒண்ணு போதும் தாயி. மிச்சத்த நீ வச்சுக்கோ,” என்றார்.

நான் கொல்லைப்பக்கமாக வெளியே போனேன். போகக் கூடாது, போனேன். ஓடைக்கரையில் அப்பா வெட்டிய சேரான் அடிக்கட்டையில் பால் கசிந்து ஓரத்தில் கறுத்திருந்தது. விளக்குமாற்று ஈர்க்குச்சியை அதில் தொட்டேன். இடது முழங்கையின் உட்பக்கம், தோல் மெலிதாக இருக்கும் இடத்தில், பெரிதாக ஒரு ‘ம’ எழுதினேன். கையைத் துண்டால் மூடிக்கொண்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் யாரும் இப்படிச் செய்யாதீர்கள். என்னிடம் வேறு எதுவும் இல்லை. நான் சொல்வதை அவர்கள் கேட்கவில்லை; நான் படித்ததை அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. அப்பா கண்ணால் வாசிக்கக்கூடிய ஒன்று வேண்டியிருந்தது.

அன்று முழுவதும் அந்த இடம் முதலில் அரித்தது, பிறகு எரிந்தது, பிறகு சூடு போட்டதுபோலத் தெறித்தது. நான் அம்மாவின் விசில் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றால் நானும் மூச்சை நிறுத்துவேன். வந்தால் விடுவேன். விடியும்போது துண்டை எடுத்துப் பார்த்தேன். எழுத்து எழும்பி நின்றது. கோணல் இல்லாத, அழகான ‘ம’. முத்து முத்தாகக் கொப்புளம்.

அப்பா வாசலில் குந்தியிருந்தார். போய்க் கையை நீட்டினேன்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். விரலைக் கொண்டுவந்தார், தொடவில்லை. காற்றிலேயே அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். கீழே இறங்கி, குறுக்கே போய், மேலே ஏறி. உதடு ஒட்டிப் பிரிந்தது.

“இது... எம் பேருல்லா.”

“சேரான் பால்ல நான் எழுதுனேம்பா. அம்மாக்கும் இதே கொப்புளம்தான். பாருங்க. அம்மனுக்கு ஒங்க பேரு எழுதத் தெரியுமா?”

அப்பா எழுந்த வேகத்தில் வேப்பிலைக் கொத்து கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. ஆட்டோக்காரரைக் கூப்பிட ஓடினார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் வைத்தபோது அத்தை வந்து குறுக்கே நின்றாள். என் கையை அவளும் பார்த்துவிட்டாள். முகம் மாறியிருந்தது.

“சேரான்னா சேரான். நான் இல்லேன்னா சொன்னேன்? அப்பம் தான்றி மரத்துக்குக் கூட்டிட்டுப் போல. சேரான் தம்பி, தான்றி அண்ணன். தம்பி செஞ்சத அண்ணந்தான் எடுக்கணும். மூணு சுத்து சுத்தி, ‘எடுத்துக்கோ’ன்னு சொல்லணும். ஆஸ்பத்திரிக்குப் போனா அவன் கோவிச்சுக்கிடுவான்.”

அப்பா நின்றுவிட்டார். ஆமாம், நின்றுவிட்டார். செங்கோட்டைப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று அவருக்கும் தெரியும். ஒரு சாமியிடமிருந்து அம்மாவைப் பிடுங்கி எடுத்தால், வழியில் இன்னொன்று காத்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. அத்தையை அடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அழவும் அடிக்கவும் நேரம் இல்லை.

“எத்தே, அந்த மரம் எங்கன நிக்கி?”

“மேலகரத்துல, கொளத்தடி மைதானத்துல.”

“தென்காசிக்குப் போற வழிதான? சுத்துவோம். எறக்க வேண்டாம், ஆட்டோலயே சுத்துவோம். நீங்களும் ஏறுங்க.”

அத்தை ஏறினாள். மைதானத்தில் ஆட்டோ தான்றியைச் சுற்றியது. வேர் மேலெல்லாம் ஏறிக் குலுங்கியது. அம்மாவின் தலை என் மடியில். ஆட்டோக்காரர் இரண்டாவது சுற்றில், “அண்ணாச்சி, இது மரமா, ரவுண்டானாவா? எங்கன கட் அடிக்கணும்னு சொல்லுங்க,” என்றார். அப்பா அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டார், உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அத்தை கையெடுத்து, “எடுத்துக்கோ, எடுத்துக்கோ” என்று கத்தினாள். அம்மா கண் திறக்காமலே என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

“இன்னைக்கும்... பள்ளிக்கூடம்... போகலயாட்டி?”

அவள் கடைசியாக முழுசாகச் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும் என்று பயந்தேன்.

தென்காசி ஆஸ்பத்திரியில் முதலில் வளையல்களை எடுத்தார்கள். நர்ஸ் துணியைச் சுற்றி ஒவ்வொன்றாக உடைத்தாள். அந்தச் சத்தம் கேட்டு அப்பா வராந்தாவுக்குப் போய்விட்டார். புருஷன் உயிரோடு இருக்கும்போது வளையல் உடைக்கிற சத்தம். ஒரு தட்டில் சிவப்புத் துண்டுகள் கிடந்தன. பிறகு அந்தத் தட்டை யார் எடுத்துப் போனார்கள் என்று தெரியவில்லை. அம்மா அதற்கப்புறம் கண்ணாடி வளையல் போடவில்லை.

டாக்டரம்மா அப்பாவைத் திட்டினார். பிறகு என் கையைப் பார்த்து என்னையும் திட்டினார். “யார் செஞ்ச வேலை இது?” என்றார்.

“எம் மவ எழுதுனது,” என்றார் அப்பா. ஏதோ பரிசு வாங்கிய மாதிரிச் சொன்னார். திட்டு வாங்கும் இடம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அம்மா பிழைத்தாள். குரல் பிழைக்கவில்லை. இன்றைக்கும் அவள் பேசினால் பாயை இழுக்கிற சத்தம்போலத்தான் வரும். ஒல பொங்கினால் தட்டைத் தட்டிக் கூப்பிடுகிறாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அப்பாவிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். “இந்த உடம்பு இனிமே அதை மறக்காது. இன்னொரு தடவை அந்தப் புகை உள்ளே போனா இங்க வரைக்கும் வர நேரம் இருக்காது.”

அந்த வாக்கியத்துக்காகத்தான் நான் தாவரவியல் படித்தேன். சுரண்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இப்போது அதைத்தான் நடத்துகிறேன். ‘ம’ என் கையில் இன்னும் மங்கலாக இருக்கிறது. பிள்ளைகள் பச்சை குத்தியதா என்று கேட்பார்கள். இல்லை, படித்தது என்பேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், பங்களா கைமாறிவிட்டது. ரிசார்ட் வருகிறது. ஓடைக்கரையை மொத்தமாக வழித்துவிட்டார்கள். நாங்கள் வெட்டியது கன்றும் கிளையும். இவர்கள் வெட்டியது முழு மரங்கள். எங்கள் வீட்டுக் கூரை உயரத்துக்குக் குவித்து வைத்திருக்கிறார்கள். மேற்கிலிருந்து கணவாய்க் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. நேரே எங்கள் தெருவில்தான் இறங்கும். சாரல் விழுவதற்கு முன்னால், நாளைக்கு, கொளுத்தப்போகிறார்கள்.

மேனேஜரிடம் போனேன். அதே மேனேஜர், நரைத்துவிட்டார்.

“காஞ்ச மரம்மா அது. காஞ்சா வெஷம் போயிரும்.”

“போகாது. பால் உள்ள காஞ்சு அப்படியே இருக்கும். தீ பட்டா புகையோட ஏறும். எங்கம்மாவ மறந்துட்டீங்களா?”

“அதுக்குத்தான் சொல்லுதேன். ரெண்டு நாள் அம்மாவ குத்துக்கல்வலச பக்கம் சொந்தக்காரங்க வீட்ல கொண்டு விடேன்.”

“தெருவுல மத்தவங்க மூச்சு விட மாட்டாங்களா?”

“டீச்சர், பாடத்த பிள்ளைகளுக்கு எடுங்க.”

பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டால், மனு கொடுங்கள், பார்ப்போம் என்றார்கள். நாளைக்கு என்றேன். அதற்குத்தான் மனு என்றார்கள். அம்மாவைக் கூட்டிப்போகவும் பார்த்தேன். தெருவைக் கைகாட்டி, தலையை ஆட்டிவிட்டாள். வர மாட்டாள்.

இன்று காலை நானும் அப்பாவும் பங்களா வளவுக்குள் போனோம். தடுத்த காவல்காரப் பையனிடம் அப்பா, “ஒனக்கு முன்னால இந்த மண்ணுக்குக் காவல் நான்தாம்ல,” என்றார். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, அதன் மேல் பிளாஸ்டிக் பை, மூக்குக்குத் துணி. எண்ணெய் தேய்க்க வந்த அப்பாவை விடவில்லை. இத்தனை வருடம் ஒன்றும் செய்யவில்லை என்பதற்காக இனியும் செய்யாது என்று அர்த்தமில்லை. கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, மேட்டில் குழி வெட்டினோம். இடுப்பளவு ஆழம் போனது. ஒரு மூலையிலிருந்து கிளைகளை இறக்கி மண் போட்டு மூடினோம். அத்தை சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “ஏட்டி, தான்றிய நெனச்சுக்கிட்டுப் போடு!” என்றாள். “நெனச்சுக்கிட்டுத்தான் போடுதேன் எத்தே,” என்றேன்.

மதியம்வரை செய்ததில் குவியல் குறைந்த மாதிரியே தெரியவில்லை. இரண்டு பேரால் ஆகிற வேலை இல்லை அது. குவியலுக்குப் பக்கத்தில், நிழலில், டீசல் கேன் தயாராக இருந்தது.

கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினேன். பிறகு கேனைத் தூக்கிக்கொண்டேன். வாசல் வழியாகவே வந்தேன். டீக்கடையில் இருந்த அண்ணாச்சி, “என்ன டீச்சர், டீசல்லாம் தூக்கிட்டுப் போறீக?” என்றார். “ஆமா அண்ணாச்சி, இது இனிமே அங்கன வேண்டாம்,” என்றேன்.

இப்போது அது எங்கள் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மா அதன் மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் உடுப்பை ஊறப்போட எடுக்க வந்தபோது, அதில் சேரான் பால் இருக்கும், தொடாதே என்று நான் கத்த வேண்டியிருந்தது. மேனேஜருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்: “கேன் என்னிடம் இருக்கிறது. குழி வெட்டத் தொடங்கிவிட்டோம். நாளைக்குக் கொளுத்த வரும் ஆட்களை மண்வெட்டியோடு வரச் சொல்லுங்கள். கையுறை நான் தருகிறேன்.”